ஒவ்வொரு வரியிலும் மாப்பிள்ளை பெயர்

மூன்றாம் மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசையில் வேலை பார்த்த அந்தப் பெண்மணியை அலுவலகம் முழுவதும் சாவி என்றே அழைத்தது. இளையவர்களுக்குச் சாவி அக்கா. ஒத்த வயதுக்காரர்களுக்கு வெறும் சாவி. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும்.

நிறுவனம் கைப்பேசியால் திறக்கும் கதவுப் பூட்டுகளைச் செய்து விற்றது. விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் சாமான் கிடங்குகளிலும் அந்தப் பூட்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. ஒரு விடுதியின் செயலி அந்தப் பூட்டோடு பேச வேண்டுமானால் நடுவில் ஒரு தூதர் வேண்டும். அந்தத் தூது வேலையைச் செய்யும் நிரல்களின் தொகுதிக்குத்தான் லைப்ரரி என்று பெயர். புத்தகங்களுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாடிக்கையாளர்கள் எந்தக் கணினி மொழியில் எழுதினாலும் அவர்களுக்கு உதவும்படி அந்த லைப்ரரியை ஐந்து மொழிகளில் எழுதியவள் சாவி. நிறுவனம் ஒரே அறையில் இயங்கிய காலத்தில் தொடங்கி, மாடி மாடியாக அது ஏறிய காலம் முழுவதும், ஐந்தையும் தன் கையாலேயே எழுதி, திருத்தி, வளர்த்தாள்.

அதற்கு அவள் கொடுத்த விலை கைப்பேசி. நிறுவனத்தில் ஒரு நடைமுறை இருந்தது. எங்காவது ஒரு கதவு திறக்காவிட்டால், பிழை எந்த வரியில் நிகழ்ந்தது, அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்பதைப் புகார்ப் பெட்டி என்ற மென்பொருள் தானே கண்டுபிடித்து, அவருடைய கைப்பேசியை அலறவிடும். "பார்த்தேன்" என்று அவர் அழுத்தும்வரை அலறல் ஓயாது. ஊழியர்கள் இதைத் தொட்டவர் பாடு என்று சொல்லிச் சிரிப்பார்கள். லைப்ரரியின் எல்லா வரிகளையும் தொட்டவள் சாவி ஒருத்தியே என்பதால் பாடும் அவளுடையதாகவே இருந்தது. குளியலறையில், கல்யாண மண்டபத்தில், மகளின் பள்ளி விழாவில், பல் பிடுங்கும் நாற்காலியில் என்று அது அடிக்காத இடமில்லை. கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் கணவர், மணி அடித்ததும் தலை நிமிராமலே, "இது யார் வீட்டுக் கதவு?" என்று கேட்கப் பழகியிருந்தார்.

அந்த அலுவலகத்துக்குள் மாப்பிள்ளை வந்ததும் சாவியால்தான். அவர் அவளுடைய தங்கையின் கணவர். தங்கைக்குக் கல்யாணமான புதிதில், "அக்கா, அவருக்கும் ஒரு கதவைத் திறந்து விடேன்" என்று அவள் கேட்டாள். சாவியும் திறந்து விட்டாள். உறவு எப்படியோ கசிந்து, அவருக்கு முதல் வாரத்திலேயே மாப்பிள்ளை என்ற பெயர் நிலைத்துவிட்டது. மாப்பிள்ளை நன்றாகப் பேசுவார். பேசப் பேச அவருடைய நாற்காலி உயர்ந்தது. சில ஆண்டுகளில் சாவியின் விடுப்புக்கு அனுமதி தருபவராகவே ஆகிவிட்டார். வீட்டில் அக்கா, கூட்டத்தில் மேடம். இரண்டுக்கும் நடுவே அவருக்கு நாக்கு ஒருபோதும் தடுமாறியதில்லை.

தானே நிரல் எழுதும் பாட் என்ற மென்பொருளின் யோசனையை முதலில் சொன்னவள் சாவி. தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தட்டுகளை ஒதுக்கிவிட்டு, மடிக்கணினியைத் திறந்து அவருக்குக் காட்டினாள். பூட்டு என்னென்ன கட்டளைகளை ஏற்கும் என்பதை ஒரே ஒரு விவரக்கோப்பில் எழுதிவிட்டால் போதும்; பாட் அதைப் படித்து ஐந்து மொழிகளிலும் லைப்ரரியைத் தானே எழுதிக்கொள்ளும். பூட்டில் ஒரு மாற்றம் வந்தால் விவரக்கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். பாட் பழையதை முழுக்க அழித்துவிட்டு மறுபடி புதிதாக எழுதும். ஒரே திருத்தத்தை ஐந்து முறை செய்யும் வேலை மிச்சம்.

மாப்பிள்ளை கவனமாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா இப்ப வேண்டாம். நேரம் வரட்டும்" என்றார்.

நேரம் வந்தது. திங்கட்கிழமைக் கூட்டத்தில், இயக்குநர் அம்மாவும் மற்ற எல்லாரும் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை எழுந்து திரையில் அதே படங்களைக் காட்டினார். அம்புக்குறிகளின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

"இத்தனை வருஷமா இந்த லைப்ரரியை நாம எப்படி வெச்சிருந்தோம்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். "ஒரு தையல்கடை மாதிரி. ஒருத்தங்க உக்காந்து, கிழிஞ்ச இடத்துல ஒட்டுப் போட்டு, பட்டன் தெறிச்சா பட்டன் வெச்சு... நல்ல தையல்தான், குறை சொல்லலை. ஆனா தையல்கடையை வெச்சுக்கிட்டு ஊருக்கே துணி கொடுக்க முடியுமா?"

கூட்டம் சிரித்தது. இயக்குநர் அம்மாவும் உதட்டைக் கடித்தபடி சிரித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சாவி அக்கா, என் சட்டையில ஒரு பட்டன் போயிடுச்சு!" என்றது. சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது.

சாவியும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருந்தால் அழுதிருப்பாள். அவளையும் தங்கையையும் படிக்க வைத்தது ஒரு தையல் இயந்திரம். அம்மா பகல் முழுவதும் பள்ளிச் சீருடைகள் தைத்துத்தான் இரண்டு பெண்களையும் கல்லூரிவரை கொண்டு சேர்த்தாள். இதே மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டுக்குக் கை நீளம் சரியாக இல்லாதபோது, மண்டபத்தின் மூலையில் உட்கார்ந்து அதைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தவளும் அம்மாதான். அவள் கண்ணை மூடிச் சில வருடங்களே ஆகியிருந்தன.

அன்று மாலை கணவர் கடையை அடைத்துவிட்டு வந்தார். "என்ன, முகம் பூட்டிக் கிடக்கு?"

"உங்க சகலை இன்னைக்கு மேடை ஏறிட்டார்."

"யாரை மிதிச்சு?"

அவள் சொன்னாள். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவருக்கு அதுதான் பழக்கம்.

"நேரா அவர் வீட்டுக்குப் போ. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வா."

"கேட்டா அன்னைக்கே முடிஞ்சு போயிடும்" என்றாள் சாவி. "எனக்கு அவ்வளவு சீக்கிரம் முடியக் கூடாது."

லைப்ரரியைப் பாட்டுக்கு மாற்றும் வேலை சாவியிடமே வந்தது. அதைச் செய்ய வேறு யாருக்கும் தெரியாது. அவள் முறுக்கிக்கொள்வாள் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்திருந்தார். அவளோ மறுநாளே விவரக்கோப்பை எழுதத் தொடங்கினாள். ஒவ்வொரு கட்டளையையும், அதற்கு வரக்கூடிய ஒவ்வொரு பதிலையும், ஒவ்வொரு பிழையையும் பிசகில்லாமல் எழுதினாள். பழிவாங்க நினைப்பவர்களுக்கு வேலையில் ஒரு தனிக் கவனம் வந்துவிடுகிறது. சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொண்ட மீசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சாவி, உன் குழியை நீயே இவ்வளவு அழகா வெட்டுறே?" என்றார்.

"அளவு யாருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

பாட்டை இயக்கிவைக்கும் நாளில் சாவியும் மாப்பிள்ளையும் மீசைக்காரரும் சிறிய கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். இயக்குநர் அம்மா கதவருகே நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பாட் ஒரு கேள்வி கேட்டது. எழுதும் வரிகளை யார் பெயரில் பதிவு செய்ய வேண்டும்? வழக்கமாக இந்த இடத்தில் பாட் என்றே ஒரு பெயரை உண்டாக்கிக் கொடுப்பார்கள். சாவி விரல்களை விசைகளின் மேல் வைத்தபடி காத்திருந்தாள்.

"யார் பேர்ல போகணும்?" என்று கேட்டாள். குரலில் ஒரு துளி உப்புகூட இல்லை.

மாப்பிள்ளை இயக்குநர் அம்மாவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இதை நான்தான் கொண்டுவந்தேன். என் பேர்லயே போகட்டும். யார் பொறுப்புன்னு ஒரே பார்வையில தெரியணும் இல்லையா?"

"எல்லா வரியுமா?"

"எல்லா வரியும்." பிறகு, அவள் எப்போதாவது தன் பெயரை நுழைத்துவிடுவாள் என்று தோன்றியிருக்க வேண்டும், இதையும் சேர்த்தார்: "இந்தப் பேரை யாரும் இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. மாத்தணும்னா திங்கட்கிழமைக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் காரணம் சொல்லி, அம்மாகிட்ட அனுமதி வாங்கணும்."

"நல்ல விதி" என்றாள் சாவி. தட்டினாள். மீசைக்காரர் மீசையைத் தடவுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்து இன்னொரு கேள்வி வந்தது. பாட் அழிக்கக் கூடாத, கையால் எழுதிய கோப்புகள் ஏதேனும் உண்டா?

இங்கே சாவி ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய பூட்டுகள் தூங்குமூஞ்சிகள். மின்கலத்தை மிச்சப்படுத்துவதற்காக அவை அரைத் தூக்கத்தில் கிடக்கும். முதல் கட்டளை அவற்றை எழுப்பத்தான் உதவும். ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, அதையே மறுபடி அனுப்பினால்தான் திறக்கும். இந்தப் பொறுமை பூட்டின் கட்டளைகளில் எங்கும் இல்லாததால், விவரக்கோப்பில் அதற்கு இடமில்லை. அதைச் சாவி தன் கையால் எழுதியிருந்தாள்.

"பழைய பூட்டுக்கு ஒரு சின்னக் காத்திருப்பு இருக்கு. அதைக் கையாலதான் வெச்சுக்கணும்."

"மறுபடியும் ஒட்டா?" மாப்பிள்ளை சிரித்தார். "கையால எழுதினது ஒரு வரிகூட இருக்கக் கூடாது மேடம். அப்புறம் பாட் எதுக்கு?"

வேறொரு நாளாக இருந்திருந்தால் சாவி மூன்று முறை சொல்லியிருப்பாள். கையைப் பிடித்து இழுத்துச் சொல்லியிருப்பாள். அன்று ஒரு முறைதான் சொன்னாள். இரண்டாம் முறை சொல்ல வாய் திறந்தது, மூடிக்கொண்டது. இல்லை என்று தட்டினாள். பாட் ஓடியது. ஐந்து மொழிகளிலும் அவள் எழுதிய வரிகள் ஒரு நொடியில் காணாமல் போயின. அவற்றின் இடத்தில் அளவெடுத்தாற்போல் ஒரே சீரான புதிய வரிகள் நின்றன. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் மாப்பிள்ளையின் பெயர்.

கைதட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து, பாட் அந்த வாரம் எழுதியதைப் பற்றித் தரும் அறிக்கையை மாப்பிள்ளையே கூட்டத்தில் உரக்கப் படித்தார். எத்தனை கோப்புகள் உண்டாயின, எத்தனை அழிந்தன, எல்லாம் தன் பெயரில். தாலாட்டு மாதிரி இழுத்து இழுத்துப் படிப்பார்.

சாவியின் கைப்பேசி ஊமையாகிவிட்டது. முதல் இரண்டு நாள்கள் அதைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்தபோது அதைப் பக்கத்து அறையிலேயே விட்டுவந்தாள். "யார் வீட்டுக் கதவும் அடிக்கலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் கணவர்.

"அடிக்குது. வேற வீட்டுல."

ஆம், வேறு வீட்டில் அடித்தது. எல்லா வரிகளையும் கடைசியாகத் தொட்டவர் இப்போது மாப்பிள்ளை. ஆண்டுக்கணக்கில் தீராமல் கிடந்த சின்னச் சின்னப் புகார்களையெல்லாம் புகார்ப் பெட்டி தூசி தட்டி எடுத்து, அவருக்கே திருப்பிவிட்டது. பழைய பூட்டுகளின் புகார்கள் புதிதாக வந்து சேர்ந்தன. சலூனில் பாதி முடி வெட்டிய நிலையில் அவர் வெளியே ஓடிவந்ததை மீசைக்காரர் கண்ணால் பார்த்தார். பக்கத்துப் பிரிவுக்காரர்களிடம் அவர் புகார்களைத் தள்ளிவிடப் பார்த்தார். அவர்கள் திரையைத் திருப்பிக் காட்டினார்கள். பாட் எழுதும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு வாசகம் இருக்கும்: இது தானாக எழுதப்பட்டது, கையால் திருத்தாதீர்கள்.

"நீங்களே போட்ட சட்டம் சார். நாங்க தொட்டா அடுத்த தடவை பாட் அழிச்சிடும். எங்க உழைப்பு வீண்."

கடைசியில் அவர் சாவியின் மேசைக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது.

"அக்கா, இந்தப் பேரை மட்டும் கொஞ்சம் மாத்தி விடுங்களேன். ரெண்டு நிமிஷ வேலைதானே?"

"ரெண்டு நிமிஷம்கூட ஆகாது மாப்பிள்ளை."

"அப்ப?"

"திங்கட்கிழமைக் கூட்டம் இருக்கே. எல்லார் முன்னாடியும் காரணத்தைச் சொல்லுங்க. நல்ல விதின்னு நான் அன்னைக்கே சொன்னேனே."

அவர் முகம் சிவந்தது. காரணம் சொல்வதென்றால் எதைச் சொல்வது? யோசனை என்னுடையது அல்ல, லைப்ரரியும் எனக்குத் தெரியாது என்றா? அவர் திரும்பிப் போனார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கச் சாவிக்கு வயிறு குளிர்ந்தது. அவள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே குளிர்ந்தது.

வார இறுதியில் தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னக்கா நினைச்சுக்கிட்டு இருக்கே? வீட்டுல மனுஷி இருக்க முடியலை. சோத்துல கை வெச்சா அடிக்குது, குழந்தையைத் தூங்க வெச்சா அடிக்குது. அவர் ஃபோனைப் பார்த்தாலே நடுங்குறார். நீ நினைச்சா நிறுத்தலாமாம், நிறுத்த மாட்டேங்கறியாம்."

"இத்தனை வருஷம் என் வீட்டுல அடிச்சப்ப யாரும் வந்து கேக்கலையே."

"அது உன் வேலைக்கா."

"இப்ப அது அவர் வேலை. அவரே கேட்டு வாங்கினது."

"உறவுக்குள்ள இப்படியா பழி வாங்குவாங்க? அப்படி என்னதான் செஞ்சுட்டார் அவர்?"

சாவி சொல்ல நினைத்திருக்கவில்லை. தங்கையின் குடும்பத்துக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது என்றே அடக்கி வைத்திருந்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளைக் கிளறிவிட்டது. கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். தையல்கடை, ஒட்டு, பட்டன், சிரிப்பு, எல்லாவற்றையும் அவர் சொன்ன அதே தொனியில் சொன்னாள்.

தங்கை சோபாவின் கைப்பிடியைப் பார்த்தபடி இருந்தாள். அவளும் சீருடைகளுக்குக் காஜா எடுத்தவள்தான். சின்ன வயதில் அவள் விரல் நுனிகள் ஊசி குத்திய தழும்புகளோடுதான் இருந்தன.

"தையல்கடைன்னா சொன்னார்?"

"ம்."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"அவரும்தான்."

தங்கை எழுந்து செருப்பை மாட்டினாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"நிறுத்தாதே. இன்னும் கொஞ்ச நாள் அடிக்கட்டும்."

அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு வீட்டில் இருந்த ஆறுதலும் போயிற்று. மணி அடித்தால், "உங்க பேர்லதானே அடிக்குது, நீங்களே எடுங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை அடுத்த அறைக்குப் போய்விடுவாளாம். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கைப்பேசியின் ஓசையை அணைத்து, துணி அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தார்.

மறுநாள் காலை சாவி தேநீர்க் கோப்பையோடு மேசைக்கு வந்தபோது, புகார்ப் பெட்டி திறந்திருந்தது. யாருக்கு எந்தப் புகார் போகிறது என்பதை எல்லாரும் பார்க்கலாம். எடுப்பதுதான் உரியவர் வேலை. மருத்துவமனை ஒன்றுக்கு அருகில் இருந்த மகளிர் விடுதியிலிருந்து ஒரு செவிலியர் எழுதியிருந்தார். இரவு வேலை முடிந்து வந்திருக்கிறேன், அறைக் கதவு திறக்கவில்லை. உரியவர்: மாப்பிள்ளை. அவர் பார்க்கவில்லை.

பழைய பூட்டு. சாவிக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. நிரலைத் தொடக்கூட வேண்டாம். விடுதிக்கு ஒரு போன் போட்டு, ஒருமுறை அழுத்துங்க, ஒரு மூச்சு விட்டு மறுபடி அழுத்துங்க என்று சொன்னால் போதும்.

கை போனை நோக்கிப் போனது. அப்போது பின்வரிசைக் குரல் நினைவுக்கு வந்தது. பட்டன் போயிடுச்சு. அவள் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். இதை எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவரும். பெயர் அவருக்கும் பாடு தனக்கும் என்று பழையபடி ஆகிவிடும். அவர் பார்க்கட்டும். அவர்தானே தொட்டவர்.

இரண்டாவது செய்தி வந்தது. படியில உக்காந்திருக்கேன். யாராவது இருக்கீங்களா?

சாவி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். தாகமே இல்லை. திரும்பி வந்தபோது மூன்றாவது செய்தி இருந்தது. ரொம்பத் தூக்கம் வருது.

அதன் பிறகு செய்தி வரவில்லை. அந்த மௌனம் புகார்களைவிட மோசமாக இருந்தது. மீசைக்காரர் அவள் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சாவி," என்றார் மெதுவாக, "அந்தப் பொண்ணு உன்னை ஒண்ணும் சொல்லலையே." அவள் கைகளை மறுபடியும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறிய பிறகு விடுதிக் காவலாளி கடப்பாரையால் பூட்டை உடைத்துக் கதவைத் திறந்தார். உடைந்த பூட்டின் படத்தை விடுதி நிர்வாகம் நேரே இயக்குநர் அம்மாவுக்கு அனுப்பியது. ஒப்பந்தத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அறிக்கை படிக்கும் நேரம் வந்ததும் இயக்குநர் அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். உடைந்த பூட்டின் படம் திரையில் வந்தது. அதற்குக் கீழே பிழை நிகழ்ந்த வரி, ஓரத்தில் பெயர்.

"இது யாரோட வரி?"

"அது... பாட் எழுதினது மேடம்" என்றார் மாப்பிள்ளை.

"பாட்டுக்கு ஃபோன் இருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை.

"பேர் உங்களோடது. மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க. நீங்க எங்க இருந்தீங்க?"

போர்வைக்கு அடியில் என்று அவரால் சொல்ல முடியவில்லை. நெற்றியைத் துடைத்தார். "என் பேரை இதுலேர்ந்து எடுக்கணும் மேடம். அனுமதி கேக்குறேன்."

"விதிப்படி காரணம் சொல்லணுமே. நீங்க போட்டதுதானே?"

சாவி அவரை நேருக்கு நேர் பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை. எத்தனையோ நாளாக இந்த ஒரு நிமிடத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். அதில் ஒரு நொடியையும் தவறவிட அவளுக்கு மனமில்லை.

"லைப்ரரி எனக்கு முழுசாத் தெரியாது" என்றார் மாப்பிள்ளை, மேசையைப் பார்த்துக்கொண்டே. "அக்கா... மேடம் எழுதினது. பாட்டும் அவங்க யோசனைதான். என்கிட்ட ரொம்ப முன்னாடியே காட்டினாங்க. அந்தக் காத்திருப்பு வேணும்னும் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன்."

நாக்கு அன்றுதான் முதல்முறையாகத் தடுமாறியது.

இயக்குநர் அம்மா சாவியின் பக்கம் திரும்பினார். "அப்ப உங்க பேர்லயே மாத்திடலாமா?"

பின்வரிசை உட்பட எல்லாரும் பார்த்தார்கள். அவள் விரும்பியிருந்தால் அன்று எல்லா வரிகளிலும் அவள் பெயர் ஏறியிருக்கும்.

"வேண்டாம். பாட் எழுதினதுக்குப் பாட் பேரே இருக்கட்டும். புகார் இங்க உக்காந்திருக்கிற எல்லாருக்கும் முறை வெச்சுப் போகட்டும். சிரிச்சவங்க எல்லாருக்கும்." என்றாள் சாவி. "எனக்கு ஒரு கோப்பு மட்டும் போதும். கையால எழுதினது. பாட் அதைத் தொடக் கூடாது."

"என்ன பேர் வைக்கிறீங்க?"

"தையல்."

பின்வரிசைக்காரர் தன் சட்டைப் பட்டனைத் திருகியபடி குனிந்துகொண்டார்.

அன்று மதியமே சாவி அந்தக் கோப்பை எழுதி முடித்தாள். தூங்கும் பூட்டை எழுப்பி, ஒரு மூச்சு பொறுத்து, மறுபடி கேட்கும் சில வரிகள். புதிய லைப்ரரியில் அவள் பெயர் இருந்த இடம் அது ஒன்றே. பிறகு செவிலியரின் புகாரைத் திறந்தாள். யாராவது இருக்கீங்களா என்ற வரிக்குக் கீழே நெடுநேரம் எதுவும் எழுத வரவில்லை. இருந்தேன், மன்னிச்சிடுங்க என்று எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை. வர வேண்டிய நியாயமும் இல்லை. வெற்றி பெற்ற நாளில் அவளுக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்ட முள் அது ஒன்றுதான். அதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆனால் அந்த முள்ளால் மாப்பிள்ளை மீதிருந்த கணக்கு ஒரு நூலும் குறையவில்லை. வாராந்திர அறிக்கையைப் படிக்கும் பொறுப்பை யாரும் அவரிடமிருந்து எடுக்கவில்லை; எடுக்கலாமே என்று யாரோ சொன்னபோது, "அவர் குரல்ல கேட்டாத்தான் நல்லாயிருக்கும்" என்று தடுத்தவள் சாவி. அடுத்த திங்கட்கிழமை அவர் எழுந்து நின்றார். இத்தனை கோப்புகள் அழிக்கப்பட்டன, இத்தனை புதிதாக எழுதப்பட்டன என்று வேகமாகப் படித்தார். இழுவை எதுவும் இல்லை. இறுதி வரிக்கு முன்பே தாளை மடித்துக்கொண்டு உட்காரப் போனார்.

"மாப்பிள்ளை," என்றாள் சாவி, கூட்டத்தில் அவரை முதல்முறையாக அப்படிக் கூப்பிட்டு. "கடைசி வரியையும் படிச்சிடுங்க."

அவர் தாளைப் பிரித்தார்.

"தையல்: தொடப்படவில்லை."

"கொஞ்சம் சத்தமா," என்றாள் அவள். "பின்வரிசைக்குக் கேக்கலை."